பேசிக்கொண்டே நடக்க வேண்டும்

என் கணவர் மலை பஸ் ஓட்டியவர். கள்ளக்குறிச்சியில் புறப்பட்டு, கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை ஏறி, கரியாலூர் வரை போய்த் திரும்பும் வண்டி அது. நெஞ்சுவலி வந்தபோது அவர் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

நடந்ததை எனக்குச் சொன்னவர் அந்த வண்டியின் நடத்துநர். என் கணவரைவிட வயதில் சிறியவர், அவரோடு பல வருடம் ஒரே வண்டியில் போனவர்.

"அண்ணன் எப்பவும் எதுனா சொல்லிக்கினே வருவாரு இல்ல அண்ணி? திடீர்னு பேச்ச நிறுத்திட்டாரு. தண்ணி குடு தம்பின்னாரு. கிட்ட போய் பாத்தா சட்ட முழுக்க நனைஞ்சி கெடக்குது. ஓரமா நிறுத்துங்கண்ணேன்னு கத்துறேன். இந்த வளைவுல எங்க நிறுத்தறது, கீழ போயிடலாம்ன்றாரு."

கீழே வரும்வரை ஓட்டினார். சமதரை வந்ததும் வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி, பிரேக் போட்டு, என்ஜினை அணைத்துவிட்டு, அதன் பிறகுதான் ஸ்டியரிங் மேல் சாய்ந்திருக்கிறார். வண்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள். பிற்பாடு அதற்காகப் பலர் அவரைப் பாராட்டியபோது, "வேற இன்னா பண்ணியிருக்க முடியும்?" என்பதற்கு மேல் அவர் பேசியதில்லை.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. அன்று மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது நடத்துநரின் அழைப்பு வந்தது. மாடியிலிருந்து இறங்கி, சாலைக்கு ஓடி, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் எனக்கு மூச்சு அடங்கவில்லை. பயம் என்று நினைத்துக்கொண்டேன். பயம்தான் நிறைய இருந்தது.

முதலுதவி இங்கே. பிறகு ஆம்புலன்ஸில் சேலத்துக்கு. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று முழுக்க அடைத்திருந்தது. அதைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி சேதமாகிவிட்டது, அது பழையபடி ஆகாது என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கணவர் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சார், நான் எப்ப வண்டி எடுக்கலாம்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பயணிகள் வண்டி, அதுவும் மலை வண்டி என்றால், டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்து, இதயம் தாங்குகிறது என்று தெரிந்தால்தான் தகுதிச் சான்று தர முடியும் என்றார். அதற்குச் சில மாதம் ஆகும். அதுவரை மாத்திரை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி. புகையிலையைத் தொடவே கூடாது.

உடற்பயிற்சி எப்படி என்று சொல்லித்தர ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தாள். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். எங்கள் மகள் திருமணமாகி ஓசூரில் இருக்கிறாள். அந்தப் பெண் வார்டு வராண்டாவில் அவரை மெதுவாக நடக்கவிட்டு, கூடவே நடந்தபடி பேசினாள்.

"நாங்க மலையில பொறந்தவங்கம்மா. மேட்டுக்காட்டுல சாமை அறுத்து, தலையில தூக்கிகினு ஏறி எறங்குனவங்க. எனக்கு நடக்கக் கத்துக்குடுக்கறியா?" என்றார் இவர்.

"அது அப்போ சார். இப்ப எத்தன வருஷமா ஒக்காந்துகினே வேல பாக்கறீங்க?"

நான் சிரித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அவள் சொன்னதெல்லாம் எளிமையாகத்தான் இருந்தது. முதலில் சமதரையில் நடக்க வேண்டும். எடுத்ததும் வேகம் கூடாது, சில நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்ட பிறகே வேகம் கூட்ட வேண்டும். நிறுத்தும்போதும் அப்படியே, சட்டென்று நிற்காமல் மெல்லக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். முதலில் நேரத்தைக் கூட்டு, பிறகு வேகத்தை, கடைசியாக மேட்டை. மூன்றையும் ஒன்றாகக் கூட்டாதே. சாப்பிட்ட உடனே நடக்காதே. வெயிலில் நடக்காதே. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை சட்டைப் பையில் இருக்கட்டும். நெஞ்சோ தாடையோ இடது கையோ இறுகினால் உட்கார்ந்துவிடு.

"சரியான வேகம் எதுன்னு எப்படித் தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"பேசிக்கினே நடக்க முடியணும் மேடம். பாட்டுப் பாடற அளவுக்கு மூச்சு இருந்தா வேகம் கம்மி. ரெண்டு வார்த்த சேந்தாப்புல பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தி. நீங்க கூடப் போய் பேச்சுக் குடுத்துக்கினே இருங்க. அதான் உங்க வேல."

எனக்கு அது பிடித்திருந்தது. வகுப்புக்குப் பாடத்திட்டம் போடுகிறவள் நான். எழுத்து, பிறகு சொல், பிறகு வரி என்று போவதைப் போல இதுவும் படிப்படியாகப் போகிறது. இதைப் போட்டு நடத்திவிட முடியும், நடத்திவிட்டால் அவர் மறுபடி மலைக்கு வண்டி எடுத்துவிடுவார் என்று நம்பினேன். வண்டி அவருக்கு வேலை மட்டும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து கனரக வாகன உரிமம் வாங்கிய முதல் ஆள் அவர். அவர் ஓட்டிவரும் பஸ்ஸில் ஏறும் கிழங்கள் எல்லாம் அவருக்கு மாமன், சித்தப்பன் முறை. வண்டி கிளம்பிய பிறகும் நின்று ஏற்றிக்கொள்வார். வழியில் பலாப்பழமும் தேனும் கொடுத்தனுப்புவார்கள்.

நடப்பதற்கு இடம் தேடியபோதுதான் இந்த ஊரில் நடக்க இடமில்லை என்று தெரிந்தது. எங்கள் தெருவில் நாய்கள். தெருமுனையைத் தாண்டினால் பெரிய சாலை. சர்க்கரை ஆலை அரைக்கும் பருவம் என்பதால் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையின் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டு போகும். ஓரத்தில் ஒதுங்கினால் சாக்கடை. அவர் அத்தனை வருடம் இந்தச் சாலையில் வண்டி ஓட்டியிருக்கிறார், கால் வைத்து நடந்ததில்லை.

"இதுல நடந்தா நெஞ்சுவலியில சாவ மாட்டேன், டயர்ல மாட்டித்தான் சாவேன்" என்றார்.

முதல் இரண்டு வாரம் மொட்டைமாடியில் நடந்தோம். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொடிக்கம்பிக்கு, கொடிக்கம்பியிலிருந்து தொட்டிக்கு. பிறகு நான் தலைமையாசிரியையிடம் கேட்டு, காலையில் எங்கள் பள்ளி மைதானத்தைத் திறந்துகொள்ள அனுமதி வாங்கினேன். சின்ன மைதானம். ஒரு மூலையில் வேப்பமரம், இன்னொரு மூலையில் குடிநீர்க் குழாய். மழை பெய்தால் நடுவில் தண்ணீர் நிற்கும். அதைச் சுற்றி வந்தோம்.

ஆரம்பத்தில் அவருக்குப் பெரிய கூச்சம். தெருவில் என்னோடு சேர்ந்து வரமாட்டார், முன்னால் தனியாகப் போய் கேட் அருகே நிற்பார். லுங்கியில் நடக்க வேண்டாம் என்றால் கேட்கமாட்டார். மகள் ஓசூரிலிருந்து இருவருக்கும் கேன்வாஸ் ஷூ வாங்கி அனுப்பினாள். அவர் தன்னுடையதைப் பெட்டியோடு பீரோ மேல் வைத்துவிட்டார். சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பார்.

"எழுந்திருங்க. நேரம் ஆவுது."

"நான் செத்துப் பொழைச்சவன். ஒரு நாள் தூங்க வுடு டீச்சர்."

என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கோபத்திலும் டீச்சர், கொஞ்சலிலும் டீச்சர்.

பேச்சுக் கொடுப்பதுதான் எனக்குச் சிக்கலாக இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குத் தினமும் அரைமணி நேரம் பேச என்ன இருக்கிறது? கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். நடக்கும்போது அவர் வண்டியின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் ஆரம்பித்து மேலே கரியாலூர் வரை. நிறுத்தத்தோடு அங்கே யார் ஏறுவார்கள், என்ன மூட்டை கொண்டுவருவார்கள் என்றும் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் கச்சிராயபாளையத்துக்கு வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. வேகத்தைக் குறைப்போம். ஒரு மாதத்தில் கோமுகி அணையைத் தாண்டினார். அதற்கடுத்து வளைவுகள் ஒவ்வொன்றாக ஏறினார். ஒரு நாள் கரியாலூர் போய்ச் சேர்ந்து, அங்கே டீயும் குடித்து, திரும்பி இறங்க ஆரம்பித்துவிட்டார். அன்றைக்குத்தான் பீரோ மேலிருந்து ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் முன்னேற முன்னேற நான் பின்தங்கினேன். முதலில் ஒரு அடி, பிறகு நாலடி. அவர் மரத்தடிக்குப் போயிருக்கும்போது நான் குழாயடியில் இருப்பேன். அவர் பேசிக்கொண்டே போவார், நான் "ம்" கொட்டிக்கொண்டு வருவேன். "ம்" சொல்வதற்கு அதிக மூச்சு தேவையில்லை.

இதை நான் ஒரு நோயாக நினைக்கவில்லை. நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டேன், எடை ஏறியிருக்கிறது, மாதவிடாய் நிற்கிற சமயம், அப்படித்தான் இருக்கும் என்று பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். மாடி ஏறும்போது படபடக்கும், நடுவில் நின்றுகொள்வேன். படுத்தால் இருமல் வரும், தலையணையை இரண்டாக்கிக்கொண்டேன். பள்ளியில் ஓர் ஆசிரியை, "மலைக்காரிக்கே மூச்சு வாங்குதா? நாங்கல்லாம் இன்னா ஆவறது?" என்று கேலி செய்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டில் இதயநோயாளி என்று ஒருவர் இருந்தார். அவருடைய மாத்திரை, அவருடைய உப்பு, அவருடைய நாடி. அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

டிரெட்மில் சோதனைக்கு நாள் குறித்த பிறகு, மேட்டில் ஏறிப் பழக வேண்டும் என்று நான்தான் சொன்னேன். திட்டப்படி மேடு கடைசியில் வர வேண்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுன் பஸ் பிடித்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணைப் பக்கம் நடந்தோம். நடத்துநரும் வந்திருந்தார். அண்ணன் ஏறுவதைப் பார்க்க வேண்டுமாம். அணைக்கரைக்கு ஏறும் பாதை பெரிய செங்குத்து ஒன்றுமில்லை. ஆடுகள் மேய்ந்துகொண்டே ஏறிக்கொண்டிருந்தன.

அவர் மெதுவாக ஆரம்பித்து, சரியாக, சொல்லிக்கொடுத்தபடி ஏறினார். மேலே போய் நின்று மலையைப் பார்த்தார். நடத்துநர் கைதட்டினார்.

நான் பாதிப் பாதையில் இருந்தேன். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று வழிதவறி ஓடுவதைப் போலத் துடித்தது. உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தேன். இருமல் வந்தது. முந்தானையால் வாயைத் துடைத்தபோது துணியில் இளஞ்சிவப்பாக நுரை ஒட்டியிருந்தது.

அவர் மேலிருந்து, "இன்னா டீச்சர், அங்கயே ஒக்காந்துட்ட?" என்று கூப்பிட்டார். நான் பதில் சொல்லவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு வேகமாக இறங்கி வந்தார். அப்படி வேகமாக இறங்கக் கூடாது என்று சொல்ல நினைத்தேன். வார்த்தை வரவில்லை.

என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பேசு."

நான் தலையாட்டினேன்.

"தலய ஆட்டாத. பேசு. உன் பேரச் சொல்லு. நம்ம ஊர் பேரச் சொல்லு."

"ஒண்ணும்... இல்ல..."

"ஒண்ணும் இல்லன்னு சொல்லவே ரெண்டு மூச்சு ஆவுதே புள்ள" என்றார். அவர் முகம் அன்று போன போக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தன் நெஞ்சு அடைத்தபோதுகூட அவர் அவ்வளவு பயந்திருக்கமாட்டார்.

அடுத்த நாளே சேலத்துக்குக் கூட்டிப்போனார். அவருடைய சோதனைக்கு இன்னும் சில நாள் இருந்தது. அதையும் அன்றைக்கே முடித்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் ஒரு அறைக்குள் போனார், நான் இன்னொரு அறைக்குள் போனேன்.

டாக்டர் என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். இடது பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி மறுபடியும் கேட்டார்.

"சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கிச்சா?"

எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த காலம். தொண்டை வலித்தது, காய்ச்சல் வந்தது, பிறகு முழங்கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கின. ஒன்று வடிந்தால் மற்றொன்று வீங்கும். இரண்டு பெண்கள் என்னைக் கைத்தாங்கலாகக் கக்கூஸுக்குக் கூட்டிப்போவார்கள். அப்பா வந்து தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஏதோ தழையை அரைத்துக் கட்டினார்கள். தானாகச் சரியாகிவிட்டது. மழைக்காலக் குளிரில் வந்த வாதம் என்றார்கள்.

"மூட்டு சரியாயிடும்மா. வால்வு சரியாவாது" என்றார் டாக்டர். இதயத்தின் இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் வால்வு அந்தக் காய்ச்சலில் சேதமாகி, இத்தனை வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, சுண்ணாம்பு படிந்து, இப்போது திறக்கவே இடமில்லாமல் சுருங்கியிருந்தது. பலூன் வைத்து விரிக்கும் கட்டம் தாண்டிவிட்டது. நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற வேண்டும். கொஞ்ச நாள் போயிருந்தால் ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கும் என்றார். குழந்தை பெற்றபோது யாருமே சொல்லவில்லையா என்று கேட்டார். அப்போதும் மூச்சு வாங்கியது. வயிற்றுச் சுமை என்றார்கள்.

வெளியே வந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மார்பில் மின்கம்பிகள் ஒட்டிய இடமெல்லாம் வட்டமாகச் சிவந்திருந்தது, சட்டைப் பொத்தானை இன்னும் போடவில்லை.

"பாஸாயிட்டேன்" என்றார்.

"நல்லதுங்க."

"உனக்கு இன்னா சொன்னாங்க?"

சொன்னேன். அவர் சட்டைப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டார். கடைசியில் ஒன்று மிஞ்சியது. அவிழ்த்து மறுபடி போட்டார். பல மாதம் நாங்கள் காத்திருந்த நாள் அது. ஒரு டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறினோம்.

தகுதிச் சான்று கைக்கு வந்தும் அவர் உடனே பணியில் சேரவில்லை. என் அறுவைசிகிச்சை முடியட்டும் என்று விடுப்பை நீட்டித்தார். மகள் வந்தாள், ஆனால் கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் இருக்க முடியும்? அவர்தான் இருந்தார். வராண்டாவில் பாய் விரித்துப் படுத்தார். எதிரே இருந்த ஓட்டலில் கிடைத்ததைச் சாப்பிட்டார். உணர்வு வந்து முதலில் நான் கேட்டது அவருடைய சத்தத்தை. இரண்டாவதாக என் நெஞ்சுக்குள் ஒரு சின்ன டிக் டிக். உலோக வால்வு மூடித் திறக்கும் சத்தம். அமைதியான அறையில் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்.

"நடந்தீங்களா?" என்று தினமும் கேட்பேன்.

"நடந்தேன் நடந்தேன். மருந்துக் கடைக்கும் வார்டுக்கும் நடந்துக்கினேதானே இருக்கறேன்."

"அது நடையில சேராது."

"பேசாம படு டீச்சர்."

வீடு திரும்பிய பிறகும் அப்படித்தான். நெஞ்செலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியிருந்தார்கள். அது சேரும்வரை நான் ஒரு குடம் தண்ணீர் தூக்கக் கூடாது, மாவு பிசையக் கூடாது, கையை ஊன்றி எழக் கூடாது. காலையில் எழுந்து அவரே தண்ணீர் பிடித்தார், சோறாக்கினார், என் தலையை வாரிப் பின்னலும் போட்டுவிட்டார். முன்பு மைதானத்துக்குப் போன நேரம் அடுப்படிக்குப் போனது. ரத்தம் உறையாமல் இருக்க எனக்குக் கொடுத்த மாத்திரைக்கு ஏற்றபடி கீரையைக் கூட அளந்து சமைத்தார். தன் சாப்பாட்டில் எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்று நான் பார்க்கவில்லை. எழுந்து பார்க்கும் நிலையில் இல்லை.

கொஞ்சம் நடமாட ஆரம்பித்ததும் அவரை வேலைக்குப் போகச் சொன்னேன். மலை வண்டியையே கேட்டு வாங்கினார். முதல் நாள் சாயங்காலம் திரும்பி வந்தபோது, மலையில் யார் யார் விசாரித்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார். ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தார். அன்று அவரைப் பார்க்க நோய் கண்ட ஆள் போலவே இல்லை.

"இனிமே சாயங்காலத்துல நடந்துடறேன்" என்றார். சாயங்காலங்களில் வந்ததும் படுத்துவிடுவார்.

பணியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு மத்தியானம், காலை டிரிப் முடிந்து வண்டியை விட்டுவிட்டு, பணிமனை ஓய்வறையில் சாப்பிட்டிருக்கிறார். அடுத்த டிரிப்புக்கு நேரம் இருக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்று நடத்துநரிடம் சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறார். நேரமானதும் நடத்துநர் எழுப்பப் போனார்.

"காலத் தட்டுனேன் அண்ணி. அண்ணே, நேரமாச்சின்னு. சும்மா தூங்கற மாதிரியே இருந்தாரு. கை ஒரு பக்கம் தொங்கிக்கினு கெடந்துச்சி. நான் அப்பவும் தூக்கம்னுதான் நெனச்சேன்" என்று என் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதார். முதல் முறை வலி வந்தபோது நடந்ததை ஒரு மூச்சில் சொன்ன ஆள், இதை முடிக்க முடியாமல் மறுபடி மறுபடி காலைத் தட்டிய இடத்துக்கே வந்துகொண்டிருந்தார்.

அவரை மலைக்குக் கொண்டுபோனோம். ஆம்புலன்ஸ் முன் இருக்கையில் நடத்துநர் உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் ஆட்கள் நின்றிருந்தார்கள், ஒவ்வொரு ஊரிலும் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். அவரிடம் வாய்ப்பாடு போல ஒப்பிக்கச் சொல்லிக் கேட்ட நிறுத்தங்களில் அன்றுதான் அந்த ஆட்களின் முகங்களைப் பார்த்தேன்.

ஊரில் பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழ ஓடிவந்தார்கள். என் மகள் குறுக்கே கையை வைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு நெஞ்செலும்பு இன்னும் சேரல. அழுத்தாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன், அழுத்தாதீங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதனால் என்னை யாரும் கட்டிக்கொள்ளவில்லை. தூரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்து அழுதார்கள். எனக்கும் வாய்விட்டு அழ முடியவில்லை. விம்மினால் கம்பி கட்டிய எலும்பு இரண்டாகப் பிளப்பதைப் போல வலித்தது. ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, இருமுவதற்கு ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த மாதிரி, மெதுவாக அழுதேன்.

காரியம் முடிந்து கள்ளக்குறிச்சிக்கு வந்தேன். மகள் ஓசூருக்கு வரச் சொன்னாள். கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். ரத்தப் பரிசோதனைக்குச் சேலம் போனபோது அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். சார் எங்கே என்று கேட்டாள். சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தன் வேலையைச் செய்தாள். வால்வு மாற்றியவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். ஏறக்குறைய அதே பாடம். மெதுவாக ஆரம்பி, மெதுவாக முடி, முதலில் நேரத்தைக் கூட்டு. புதிதாக ஒன்றுதான் இருந்தது. விழக் கூடாது, என் ரத்தம் சீக்கிரம் உறையாது.

பள்ளி மைதானத்துக்கு மறுபடி போக ஆரம்பித்தேன். மகள் அனுப்பிய ஷூ, பருத்திப் புடவை. பெட்டிக்கடைப் பக்கம் தாண்டும்போது இரண்டு பெண்கள் என் காதில் விழும்படியே பேசினார்கள்.

"புருசன் போய் ஈரம் காயல. பூட்ஸ் மாட்டிக்கினு கெளம்பிடுச்சி பாரு."

"வாத்தியாரம்மா இல்ல? அவங்களுக்கு எல்லாம் தைரியம்."

தைரியம் ஒன்றும் இல்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த டிக் டிக் சத்தம் பெரிதாகக் கேட்டது. நடந்தால் சாலைச் சத்தத்தில் அது அமுங்கிவிடும். முதலில் அதற்காகத்தான் போனேன். சில நாள் போகப் பிடிக்காது. போகாமல் இருந்த நாளும் உண்டு. ஒரு நாள் மரத்தடியில் நின்று, இதை எதற்காகச் செய்கிறேன், யாருக்காக இந்த உடம்பைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். பள்ளி மணி அடிக்க நேரமாகிவிட்டதால் வீட்டுக்குப் போய்க் குளித்தேன்.

இப்போது மாடிப் படியை நிற்காமல் ஏறிவிடுகிறேன். சிறு பெண்ணாக இருந்த காலத்திலிருந்தே இப்படி மூச்சுவிட்டதில்லை என்று தோன்றுகிறது. அது அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சில சமயம் அதுவே குற்றம் செய்வது போல இருக்கிறது.

போன முறை டாக்டரிடம் கேட்டேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது.

"அவரு வுடாம நடந்துக்கினே இருந்திருந்தா, எனக்கு இந்த ஆபரேஷன் இல்லாம இருந்திருந்தா, இப்ப இருந்திருப்பாரா டாக்டர்?"

அவர் என் ரத்தப் பரிசோதனைத் தாளை மடித்து வைத்தார்.

"சேதமான இதயம்மா அது. நடந்ததால கொஞ்ச காலம் கூடக் கெடச்சிருக்கலாம். நிறுத்துனதால கொஞ்சம் கொறைஞ்சிருக்கலாம். எவ்ளோன்னு யாராலயும் சொல்ல முடியாது. நான் உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன்."

"சரிங்க டாக்டர்" என்றேன்.

மருந்துக் கவுன்டரில் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு ஆள் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். புதிதாக ஸ்டென்ட் வைத்தவராக இருக்க வேண்டும். அந்த அம்மாள் திரும்பி என்னிடம், இவரை வீட்டில் எப்படி நடக்கவைப்பது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டாள். வரிசை நகரும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அவளிடம், "நீங்களும் ஒரு தடவ நெஞ்சக் காட்டிட்டுப் போங்க" என்றேன். அவள், "எனக்கு இன்னாம்மா, நான் கல்லு மாதிரி இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கவுன்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.